பெர்சாமா சுவாமி

கிள்ளானிலிருந்து சீதாலெட்சுமி வந்து இறங்கிய அன்று பிரிக்பீல்ட்ஸே ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொண்டது. பூக்கடைக்காரர்கள் மாலை கட்டுவதை நிறுத்தினார்கள். வடைச் சட்டியில் எண்ணெய் தானாக அமர்ந்துபோனது. ஒரு கையில் பெட்டி. மறு கையில் பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய நான்கு நீளத் திண்டுகள். கொமுட்டர் ரயிலில் அந்தத் திண்டுகளுக்கு எழுந்து இடம் கொடுத்தவர்கள் மூன்று பேராம். அவரே சொன்னார். யாரும் மறுக்கவில்லை, ஏனென்றால் அவர் சொன்னதை மறுத்தவர்கள் கிள்ளானில் இன்று உயிரோடு இல்லை.

வீடு பதினோராவது மாடியில். அன்றைக்குப் பார்த்து லிப்ட் படுத்துக்கொண்டது. சீதாலெட்சுமி படியேறினார். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். மூச்சு வாங்கிய நேரத்தை வீணாக்காமல், கதவு திறந்திருந்த வீட்டிலெல்லாம், "என் மருமகனுக்கு வேலையே லிப்ட் ரிப்பேருதான், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஏறினார். அவர் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் பத்து மாடி ஜனங்களும் தனேஷைத் தூக்கில் போட்டு இறக்கியிருந்தார்கள்.

தனேஷ்தான் கதவைத் திறந்தான். "வாங்க அத்தை."

சீதாலெட்சுமி அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தார். "ப்ரியா! வழிய விடச் சொல்லு."

பதினொரு மாதமாக இப்படித்தான். அவனிடம் நேராக ஒரு வார்த்தை கிடையாது. எதிரே நின்றாலும் மகள் வழியாகத்தான் பேச்சு. மகள் வீட்டில் இல்லாவிட்டால் சாமிப் படத்திடம் சொல்வார். "முருகா, அந்த ஆள பேன நிறுத்தச் சொல்லு." முருகன் அசைய மாட்டார். தனேஷ் எழுந்து பேனை நிறுத்துவான்.

விஷ்ணுப்ரியா அறையிலிருந்து வெளியே வந்தாள். எட்டு வாரம். வயிற்றில் ஒன்றும் தெரியவில்லை, முகத்தில் எல்லாம் தெரிந்தது. அம்மா அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு நேரே படுக்கையறைக்குப் போனார். கட்டிலின் நடுவே இரண்டு திண்டுகளை வரிசையாகப் போட்டார். கட்டிலின் கால்மாட்டில் ஒன்று. கதவுக்குக் குறுக்கே ஒன்று. நாட்டு எல்லையான ஜொகூர் பாலத்தில்கூட அவ்வளவு காவல் கிடையாது.

"இந்தப் பக்கம் நீ. அந்தப் பக்கம் நான். உன் வீட்டுக்காரருக்கு ஹால்ல சோபா இருக்கு. இந்தக் கதவத் தாண்டணும்னா என்கிட்ட கேட்டுட்டுத் தாண்டணும்."

"சட்டை உள்ள இருக்கு அத்தை" என்றான் தனேஷ்.

"ப்ரியா, சட்டைய எடுத்து வெளிய போடு."

விஷ்ணுப்ரியா சட்டையை எடுத்து வெளியே போட்டாள். ஒன்றல்ல, எல்லாவற்றையும். ஹேங்கரோடு. எதிர்த்து ஒரு சொல் அவள் வாயில் வரவில்லை, ஏனென்றால் அந்தத் திண்டுகளைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. அதற்காகவே அவளுக்குத் தன்மேல் எரிச்சல் வந்தது.

*

விஷயம் இதுதான். போன வருஷம், முதல் பிள்ளை, ஒன்பதாவது வாரத்தில் நிற்காமல் போய்விட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, போர்ட் கிள்ளானில் அவள் வேலை பார்க்கும் கப்பல் சரக்கு ஆபீஸின் கழிவறையில், டிஷ்யூவில் ஒரு சிவப்புப் பொட்டு. மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஞாயிற்றுக்கிழமை மதியம், வானம் கிழிந்து கொட்டிய மழையில், அவளும் தனேஷும் சேர்ந்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது அம்மா குனிந்து காதருகே கேட்டார். "என்னடி பண்ணீங்க? உண்மையச் சொல்லு."

அவள் சொன்னது இரண்டே வார்த்தை. "அவருதான் கேட்டாரு."

பொய். அன்றைக்கு அவன் சோபாவில் உட்கார்ந்து பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டது அவள். மழை பெய்தது, மனசு நிறைந்திருந்தது, வயிற்றில் பிள்ளை இருந்தது, உலகத்திலேயே அவளைவிடச் சந்தோஷமான பெண் இல்லை என்று நினைத்தாள், டிவியைத் தானே அணைத்தாள். அவன்தான் தயங்கினான். "பரவாயில்லயா ப்ரியா?" என்றுகூடக் கேட்டான். "ஒண்ணும் ஆகாது வா" என்று சொன்னதும் அவள்தான்.

அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு சீதாலெட்சுமி மருமகனை விசாரித்து, தீர்ப்பு எழுதி, தினமும் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் கல்யாணத்தில் அவனுக்கு மட்டும் பாயசம் வைக்காமல் கடந்து போனார். பத்துமலைப் படிக்கட்டில், இருநூற்றெழுபத்திரண்டு படியிலும், படிக்கு ஒரு பெருமூச்சாக விட்டுக்கொண்டே அவனுக்கு முன்னால் ஏறினார். தனேஷ் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள், ஒரு தடவை, "உங்க மகளைக் கேளுங்க" என்று அவன் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அந்த மௌனம்தான் விஷ்ணுப்ரியாவை அதிகம் குத்தியது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். பேசாதவனை என்ன செய்வது? அவனைப் பார்த்தாலே அவளுக்குக் கோபம் வந்தது. பொய் சொன்னவள் அவள், வெறுப்பது அவனை. இந்தக் கணக்கு அவளுக்கே புரியவில்லை.

இப்போது இரண்டாவது. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை கழிவறைக்குப் போய் டிஷ்யூவைப் பார்க்கிறாள். அவன் கடந்து போகும்போது கை பட்டால் அடுப்பில் பட்டதுபோல் இழுத்துக்கொள்கிறாள். ஆனால் அவன் குளித்துவிட்டு வரும் சோப்பு வாசம் அறைக்குள் வந்தால், போய் அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. உடனே பயம். போனில் தேடினால் ஒரு பக்கம் 'தாராளமாகச் சேரலாம்' என்கிறது, அடுத்த பக்கம் 'மூன்று மாதம் மூச்சே விடாதே' என்கிறது. அவள் அறிய விரும்பியது ஒன்றே ஒன்று. அன்றைக்கு அந்த மழையில், நான் கூப்பிட்டதால்தான் போனதா? இதை யாரிடம் கேட்பது?

*

மூன்றாம் நாள் மாலை தனேஷ் ரோஜாக் வாங்கி வந்தான், காயும் பழமும் புளிப்புக் காரச் சாறில் பிரட்டியது. அவளுக்கு வாய் கசக்கிறது என்று தெரிந்து, வேலை முடிந்து, வரிசையில் நின்று வாங்கியது. சீதாலெட்சுமி பொட்டலத்தைப் பிரித்தார். முட்கரண்டியால் கிளறினார். கிளறி, ஒரு மஞ்சள் துண்டைக் குத்தி எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கொலை நடந்த இடத்தில் கத்தியைக் கண்டெடுத்த போலீஸ்காரர்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

"அன்னாசி!"

"போட வேணாம்னு சொன்னேன் அத்தை. தப்பி விழுந்திருக்கும்."

"ப்ரியா, கேட்டியா? தப்பி விழுந்துச்சாம். போன தடவ எல்லாம் தப்பித்தான் விழுந்துச்சு."

தனேஷ் பொட்டலத்தைத் திரும்ப மடித்தான், குப்பைத் தொட்டியில் போட்டான், சமையல்கட்டுக்குப் போய்க் கையைக் கழுவினான். தேவைக்கு மேல் நீண்ட நேரம் கழுவினான்.

விஷ்ணுப்ரியா பின்னால் போனாள். குழாய்ச் சத்தத்தில் மெல்லக் கேட்டாள். "ஏன் நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற?"

"என்ன சொல்லணும்?"

"தெரியாத மாதிரி கேக்காத லா."

அவன் குழாயை மூடவில்லை. "நான் சொன்னா உங்கம்மா என்னை விட்டுட்டு உன்னப் பிடிப்பாங்க. அப்ப ஆஸ்பத்திரியில கெடந்த. இப்ப இப்படி இருக்க. எப்பதான் சொல்றது?" ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். "ஆனா ஒண்ணு ப்ரியா. நான் நல்லவன்னு நெனச்சுக்காத. மறக்கல. தினம் அந்த சோபாவுல படுத்துக்கிட்டு மறக்காம இருக்கேன்."

அவள் கை தானாக அவன் முழங்கையை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. அவன் அந்தக் கையைப் பார்த்தான். "பாத்தியா? நீயும் அதையே நம்புற. அம்மா மட்டுமில்ல" என்றான். குழாயை மூடிவிட்டுப் போய்விட்டான்.

*

போரின் பெரிய குண்டு மறுநாள் விழுந்தது. அதுவும் ஒரு புத்தகத்திலிருந்து.

கவர்மெண்ட் கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பிங்க் புத்தகம். எடை, ரத்தம், அழுத்தம் எல்லாம் அதில் எழுதுவார்கள். சீதாலெட்சுமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைக் கந்தபுராணம்போல் முதல் பக்கத்திலிருந்து படித்து வந்தார். மலாயில் அவர் கெட்டி. கிள்ளான் பாசாரில் முப்பது வருஷம் மீன்காரனோடு மலாயில் சண்டை போட்டு ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. நான்காவது பக்கத்தில் கிளினிக் மிஸி, நர்ஸம்மா, பேனாவால் கிறுக்கியிருந்தாள். 'அடுத்த வருகை 14ஆம் தேதி' என்று ஒரு வரி. அதற்குக் கீழே இரண்டு வார்த்தை.

"பெர்சாமா சுவாமி" என்று வாசித்தார் சீதாலெட்சுமி. "சுவாமின்னா புருஷன். பெர்சாமான்னா கூட. புருஷனோட கூட என்ன?"

"கூட வரணும்னு அர்த்தம்மா" என்றாள் விஷ்ணுப்ரியா. "வீட்டுக்காரரோட சேந்து வரச் சொல்லியிருக்காங்க. அவருக்கும் ரத்தம் எடுக்கணுமாம்."

"வரச் சொல்லியிருக்காங்கன்னா 'வா'ன்னு எங்க இருக்கு? 'வா'ங்கிற வார்த்தையே இல்லையே?"

சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் அதைத் தீர்க்க சீதாலெட்சுமிக்கு ஒரே ஒரு நீதிமன்றம்தான் உண்டு. பந்திங்கில் இருக்கும் தோழி நல்லம்மாள். அங்கே ஒரு கிளினிக்கில் இருபத்திரண்டு வருஷம் தரை துடைத்தவர். துடைத்துத் துடைத்து அரை டாக்டர் ஆகிவிட்டவர். ஸ்பீக்கரில் போட்டார்.

"பெர்சாமாவா?" நல்லம்மாளின் குரல் பதினோராவது மாடியிலிருந்து கீழே மோனோரயில் வரை கேட்டது. "ஏய் லெச்சுமி! பாசார்ல பெர்சாமான்னா கூட. கிளினிக்குல பெர்சாமான்னா அது!"

"எதுடி?"

"அதுடி! புருஷன் பொண்டாட்டி விவகாரம்! மிஸிங்க கதவச் சாத்திட்டு அப்படித்தான் கேப்பாங்க. 'கடைசியா பெர்சாமா எப்ப?'ன்னு. படிச்சவங்க பச்சையா பேச மாட்டாங்க இல்ல? நான் வெளிய மாப்போட நின்னு எத்தன தடவ கேட்டிருக்கேன்!"

சீதாலெட்சுமி புத்தகத்தைப் பார்த்தார். பதினாலாம் தேதி. பெர்சாமா. புருஷனோடு. அவர் முகம் மிளகாய்ச் சம்பல் நிறத்துக்குப் போனது.

"கவர்மெண்டு தேதி குறிச்சிக் குடுக்குதா?"

ஹாலில், சோபாவில், தனேஷ் சிரித்துவிட்டான். பதினொரு மாதத்தில் அவன் சிரித்த முதல் சிரிப்பு, மூக்கு வழியாக, அடக்க முடியாமல், காப்பியோடு வந்தது.

"சிரிக்கிறாரு பாரு! தேதி கெடச்சிடுச்சுன்னு சிரிக்கிறாரு!"

"அம்மா, நல்லம்மா ஆன்டிக்கு என்ன தெரியும்? வரச் சொல்லித்தான் எழுதியிருக்காங்க."

"நீ சும்மா இருடி. ஒன்பதாவது வாரம்! பதினாலாம் தேதி உனக்கு ஒன்பதாவது வாரம்! போன தடவ எப்ப போச்சு? அதே வாரத்துல பாத்து தேதி குடுக்குறான்னா அவ மிஸியா எமனா? நான் வரேன். நானே கேக்குறேன்."

விஷ்ணுப்ரியா மேலே வாதாடவில்லை. அம்மா சொல்வது அபத்தம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு வார்த்தையை அவள் மறுபடி வாசித்தாள். யாராவது, எங்காவது, ஒரு பேனாவால் நிஜமாகவே அப்படி எழுதிக் கொடுத்திருந்தால்? சேரலாம், பயப்படாதே, அன்றைக்கு நீ கூப்பிட்டது குற்றம் இல்லை என்று? அம்மாவின் தப்பான அர்த்தம்தான் சரியான அர்த்தமாக இருக்கக்கூடாதா என்று ஒரு நொடி அவளுக்கு ஆசையாக இருந்தது.

*

பதினாலாம் தேதி காலை கிளினிக்கில் அறுபது கர்ப்பிணிகள் இருந்தார்கள். சீதாலெட்சுமி கணக்குப்படி அறுநூறு. மகளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு நாற்காலி விட்டு மருமகனை உட்காரவைத்து, நடுவில் தாம் உட்கார்ந்து, மடியில் கைப்பையை ஆயுதம்போல் நிறுத்தி வைத்திருந்தார். எண் வந்தது. விஷ்ணுப்ரியா எழுவதற்குள் அவர் கவுண்டரில் நின்றார். பிங்க் புத்தகத்தை மேசையில் அறைந்தார்.

"மிஸி! ஈனி ஆப்பா? சியாப்பா சூரோ பெர்சாமா?"

இது என்ன, யார் பெர்சாமா செய்யச் சொன்னது என்று அர்த்தம். மிஸி தலை முக்காடான துடோங்கைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். சின்னப் பெண். "சாயா லா, ஆன்டி" என்றாள் வெள்ளந்தியாக. நான்தான் எழுதினேன்.

"நீயா! வெட்கமில்ல? அனாக் சாயா டூலு கூகூர்! செபாப் பெர்சாமா!"

என் மகளுக்கு முன்னால் கலைந்தது, பெர்சாமாவால்தான் கலைந்தது! கிள்ளான் பாசாரில் பழகிய தொண்டை. மின்விசிறிகள் நின்றன. எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்ற ஒரு சீனப் பெண் இறங்க மறந்து அப்படியே நின்றாள். இரண்டு மலாய்க்காரப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். இவரோ நிறுத்தவில்லை. பதினாலாம் தேதி காலையிலா, மாலையிலா, இங்கேயா, வீட்டிலேயா, அதையும் கவர்மெண்டே சொல்லிவிடட்டும் என்று கேட்டார்.

மிஸிக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் முகம் முழுக்கச் சிவந்தது. "டாத்தாங், ஆன்டி! டாத்தாங் பெர்சாமா சுவாமி!" புருஷனோடு கூட வா என்று அர்த்தம். அவசரத்தில் 'டாத்தாங்' எழுத மறந்துவிட்டாளாம்.

யாரோ ஒருத்தி முதலில் சிரித்தாள். அப்புறம் அறுபது வயிறும் குலுங்கியது. அன்று கிளினிக்கில் இரண்டு பேருக்குத் தேதிக்கு முன்பே வலி கண்டதாகப் பேச்சு.

விஷ்ணுப்ரியா சிரிக்கவில்லை. கூடம் முழுக்க இப்போது அவள் முகத்தைப் பார்த்தது. முன்னால் கலைந்தது, பெர்சாமாவால் கலைந்தது. அவள் மனதுக்குள் பதினொரு மாதம் பூட்டி வைத்ததை அம்மா மலாயில் ஒலிபரப்பிவிட்டார். தனேஷ் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அத்தனை பேர் கண்ணுக்கும் கொலைகாரன் அவன்தான். அவன் அதையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சத்தம் கேட்டு டாக்டரே கதவைத் திறந்தார். டாக்டர் சுதர்சினி, முப்பத்தைந்து வயதிருக்கும், தூங்காத கண். "மூணு பேரும் உள்ள வாங்க" என்றார் தமிழில்.

*

முதலில் ஸ்கேன். திரையில் ஒரு அவரை விதை, அதற்குள் ஏதோ ஒன்று அவசர அவசரமாகத் துடித்தது. "இருக்கு. நல்லாவே இருக்கு" என்றார் டாக்டர். சீதாலெட்சுமி கைப்பையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே குரலைச் சரிசெய்தார்.

"டாக்டர், போன தடவ எப்படிப் போச்சுன்னு தெரியும்ல? இந்த ஆளு சும்மா இருக்காம—"

"அம்மா" என்றாள் விஷ்ணுப்ரியா.

"நீ இருடி. இவரு சும்மா இருக்காம, ஒன்பதாவது வாரம்னுகூடப் பாக்காம—"

"அம்மா, அவரு கேக்கல."

"என்ன?"

"அன்னைக்கு அவரு கேக்கல. நான்தான் கூப்பிட்டேன்." அவள் டாக்டரைப் பார்த்துத்தான் சொன்னாள். அம்மாவைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. "ஞாயித்துக்கிழமை. மழை. அவரு டிவி பாத்துக்கிட்டிருந்தாரு. பரவாயில்லயான்னு கேட்டாரு. நான்தான் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். ரெண்டு நாள்ல போயிருச்சு. நான் கூப்பிட்டதாலதானா டாக்டர்? சொல்லுங்க. நான்தானா?"

சீதாலெட்சுமியின் வாய் திறந்தே இருந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. கிள்ளான் சரித்திரத்தில் முதல் தடவை.

டாக்டர் சுதர்சினி நாற்காலியை இழுத்து அவளுக்கு நேரே போட்டார். "இல்ல. நீங்களும் இல்ல, அவரும் இல்ல. இவ்வளவு சீக்கிரம் போற கருவுல பாதிக்கு மேல ஆரம்பத்துலயே சரியா சேராத கரு. குரோமோசோம் கோளாறு. அது நிக்கிறதுக்கு வந்ததே இல்ல. அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் பத்துமலையில உக்காந்து பஜனை பாடியிருந்தாலும் செவ்வாய்க்கிழமை போயிருக்கும். ஞாயித்துக்கிழமைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"இப்ப?"

"இப்ப ரத்தம் இல்ல, வலி இல்ல, ஸ்கேன் சரியா இருக்கு. சேந்திருக்கலாம், தப்பே இல்ல. ரத்தம் பட்டாலோ வலிச்சாலோ நிறுத்திட்டு உடனே இங்க வாங்க. மனசு வரலயா, அதுவும் சரி. கட்டாயம் ஒண்ணும் இல்ல. யாரும் தேதி குறிக்கல." கடைசி வாக்கியத்தை டாக்டர் சீதாலெட்சுமியைப் பார்த்துச் சொன்னார்.

சீதாலெட்சுமிக்குக் குரல் திரும்பியது. "வாயால சொன்னா ஆச்சா? எழுதிக் குடுங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

டாக்டர் பிங்க் புத்தகத்தை இழுத்தார். 'பெர்சாமா சுவாமி' என்ற வரிக்குப் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், 'போலே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செய்யலாம் என்று அர்த்தம். கவர்மெண்ட் முத்திரையும் குத்தினார்.

*

வெளியே தாழ்வாரத்தில், ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு தனேஷ் வந்தான். சீதாலெட்சுமி அவனுக்கு எதிரே போய் நின்றார். நேராக அவன் முகத்தைப் பார்த்தார். பதினொரு மாதத்தில் முதல் முறை.

மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று விஷ்ணுப்ரியா நினைத்தாள். அம்மாவை அவள் இருபத்தொன்பது வருஷமாகப் பார்த்தும் அப்படி நினைத்தாள்.

"உங்களுக்கு வாய் இல்லையா?" என்றார் சீதாலெட்சுமி. "ஏன் சொல்லல? நான் பாட்டுக்கு ஊரெல்லாம் பேசிக்கிட்டுத் திரியிறேன். கல்யாண வீட்டுல பாயசம் வைக்கல, அப்பவாவது சொல்லலாம்ல? என்னைப் பாவியாக்கணும்னே வாய மூடிக்கிட்டிருந்தீங்களா?"

தனேஷ் பஞ்சைக் குப்பையில் போட்டான். "இருந்துச்சு அத்தை, வாய். நான் சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா? லிப்ட் கெட்டுப்போனாகூட நான்தான் காரணம்னு பத்து மாடிக்குச் சொன்னவங்க நீங்க. அந்த லிப்டு என் கம்பெனி லிப்டே இல்ல, தெரியுமா?" மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டான். "என் பிள்ளையும்தான் அது. எனக்கும்தான் போச்சு. ஒருத்தர் கேட்டீங்களா? நீங்க கேக்கல. இவ கேக்கல."

அவன் விஷ்ணுப்ரியாவைப் பார்க்கவே இல்லை. "வேலைக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் சீதாலெட்சுமி பெட்டியைக் கட்டினார். கட்டும்போது மகளைத் திட்டினார், மருமகனைத் திட்டினார், நல்லம்மாளைத் திட்டினார், 'டாத்தாங்' எழுத மறந்த மிஸியைத் திட்டினார். தம்மை மட்டும் திட்டவில்லை. ஆனால் போகும்போது திண்டுகளை எடுத்துப் போகவில்லை. "ரயில்ல தூக்க முடியாது" என்றார். வரும்போது தூக்கி வந்தவர். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த ஆளுக்கு" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "மாப்பிள்ளைக்குப் பாயசம் பிடிக்கும்ல? ஜவ்வரிசி எங்க வச்சிருக்கேன்னு அலமாரியில பாரு" என்றார். லிப்ட் அன்று வேலை செய்தது. அதையும் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

*

ஐந்து மணிக்குத் தனேஷ் வந்தான். வெயில் ஜன்னல் வழியாகச் சோபாவில் விழுந்திருந்தது. அவன் கருவிப் பையை இறக்கிவிட்டு அந்த வெயிலிலேயே உட்கார்ந்தான். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புதான் இருக்கிறது என்பதைக் கவனித்திருப்பான். கேட்கவில்லை.

விஷ்ணுப்ரியா அறை வாசலில், கதவுக்குக் குறுக்கே கிடந்த திண்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"நான்தான் கூப்பிட்டேன்" என்றாள்.

"தெரியும். நானும் அங்கதான இருந்தேன்."

"பொய் சொன்னேன்."

"அதுவும் தெரியும்."

"என்மேல கோவமா?"

"ரொம்ப." அவன் காலுறையைக் கழற்றினான். "ஒரு நாள்ல போகாது ப்ரியா. முத்திரை குத்துனாலும் போகாது."

அவள் தலையசைத்தாள். காலால் தரையைத் தேய்த்தாள். ஒரு சண்டைக்குத் தயாரான ஆள்போல முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "எனக்கு இன்னும் பயமா இருக்கு. அது வேணாம். இப்ப வேணாம். ஆனா நீ ஹால்ல படுக்காத. பெர்சாமா இரு" என்றாள்.

தனேஷ் நிமிர்ந்து பார்த்தான். உதடு ஒரு பக்கம் கோணியது. "எந்த பெர்சாமா? பாசார் பெர்சாமாவா, கிளினிக் பெர்சாமாவா?"

"பாசார் பெர்சாமா லா!"

அவன் எழுந்து வந்தான். கதவுக்குக் குறுக்கே கிடந்த திண்டைக் காலால் தள்ளினான். கட்டிலில் ஏறி, எல்லைக்கு அந்தப் பக்கம், அத்தை படுத்திருந்த இடத்தில் மல்லாக்கப் படுத்தான். நடுவில் கிடந்த திண்டுகளில் ஒன்றை மட்டும் எடுத்துக் கீழே போட்டான்.

"இன்னொண்ணு?" என்றாள் அவள்.

"அது இருக்கட்டும்" என்றான் தனேஷ், கூரையைப் பார்த்தபடி. "நான் இன்னும் கோவமா இருக்கேன்."

அவள் இந்தப் பக்கம் படுத்தாள். மிச்சமிருந்த ஒற்றைத் திண்டுக்கு மேலாகக் கையை நீட்டினாள். இந்தத் தடவை கை பாதி வழியில் நிற்கவில்லை. அவன் முழங்கையில் போய் உட்கார்ந்தது. அவன் அந்தக் கையைத் தள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை. "உங்கம்மா திண்டுல தைல நாத்தம் தாங்கல" என்றான்.